பில் வராத வீடு

"சார், உங்களுக்கு சோலார் வேணாம் சார். நெசமாத்தான் சொல்றேன்!"

சொன்ன பிறகுதான் வெண்மதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மாசம் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கடலூர் முழுக்க அலைந்தும் ஒன்றும் மாட்டவில்லை. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் தானாகவே போன் போட்டு, கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவரிடம் போய் இப்படியா சொல்வது?

"ஏம்மா வேணாங்கிற?" சிப்காட்டில் வேலை பார்த்து ரிட்டயரான திருநாவுக்கரசு காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வீட்ல எத்தன பேரு சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"உங்க கரண்ட் கார்டப் பாத்தேன், ரெண்டு மாசத்துக்கு அறுபது யூனிட்தான் ஓடுது. நூறு யூனிட் வரைக்கும் கவர்மெண்ட்டே ஃப்ரீயா குடுக்குது. பில்லே வராத வீட்ல எதை சார் மிச்சம் புடிப்பீங்க?"

"மானியம் உண்டுன்னாங்களே?"

"ரெண்டு கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் வரும். மீதி எழுபது, எண்பதாயிரம் உங்க கைக்காசு. கரண்ட் ஜாஸ்தி ஓடுற வீடுன்னா அஞ்சாறு வருஷத்துல போட்டத எடுத்துருவாங்க. உங்களுக்கு இருபத்தஞ்சு வருஷமானாலும் வராது."

அப்போதுதான் சுவரிலிருந்த ஏசி கண்ணில் பட்டது. அப்பாடா, பிழைத்தோம்!

"ஏசி போடுவீங்கல்ல சார்?"

"எனக்கு ஏசி காத்து ஆவாதும்மா. ஒரு நாகூட போட்டதில்ல."

பின்னே எதற்கு வாங்கினாராம்? மூலையில் இன்வர்ட்டர் வேறு. ஒற்றை ஆளுக்கு அத்தனை பெரிய ஆர்.ஓ. மெஷின். கண்டதையும் வாங்கிப் போடுகிற மனுஷன் போல. பாவம், இவரை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா, அதுக்குள்ள என்னா அவசரம்? அஞ்சு வருஷம் சர்வீஸ் ஃப்ரீன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே, நெசந்தானா?"

"ஆமா சார். மாசம் ஒருக்கா எங்க ஆளு வந்து பேனலத் தொடச்சி, செக் பண்ணிட்டுப் போவாரு."

"தவறாம வருவாரா?"

"கட்டாயம் வருவாரு."

"அப்ப எங்க கையெழுத்துப் போடணும்?"

வெண்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபாரத்தை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டவர், அதே பேனாவோடு சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் பக்கம் போனார். முதல் வாரத்தில் 'ஆர்.ஓ. தம்பி', ரெண்டாம் வாரத்தில் 'இன்வர்ட்டர் தம்பி', மூணாம் வாரத்தில் 'ஏசி தம்பி' என்று எழுதியிருந்தது.

காலியாகக் கிடந்த நாலாம் வாரத்தில் 'சோலார் தம்பி' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"அவரு காபி குடிப்பாராம்மா, டீயா?"