கோடு மட்டும் போதும்

"பவர் வேணாம் பாய். கோடு மட்டும் போட்டுக் கொடுங்க."

சிராங்கூன் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜலாலுதீன் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற தங்கராஜு, தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகக் குமாஸ்தா. ஆபீஸ் ஜன்னலில் நின்றபடியே தூரத்துக் கப்பலின் பெயரைப் படித்துச் சொல்லிவிடுவான். ஆண்டவன் கொடுத்த அந்த நல்ல கண்தான் அவன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"தூரத்துக்கு ஒரு லென்ஸ், படிக்க ஒரு லென்ஸ், வெயிலுக்குப் பச்சை லென்ஸ் இருக்கு. மேல தூரம், கீழ படிப்புன்னு ரெண்டையும் சேத்து, நடுவுல கோடு வர்றது பைஃபோகல். நீங்க கேக்கிறது எது?"

"வெறும் கண்ணாடி பாய். பாக்கிறவங்களுக்கு மட்டும் பைஃபோகல்."

ஜலாலுதீன் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. டிராயரைத் திறந்து, தேடாமலே ஒரு வைரமுனைப் பேனாவை எடுத்தார். இரண்டு வெறும் கண்ணாடியில் கோடு கிழித்து, தடித்த கறுப்பு பிரேமில் பொருத்தி நீட்டினார்.

"இடது பக்கம் கோடு கொஞ்சம் சாஞ்சிருக்கே பாய்?"

"அதை யாரு உத்துப் பாக்கப் போறா லா!"

தங்கராஜுவின் ஆபீஸில் உதவித் தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாகியிருந்தது. தலைமைக் குமாஸ்தா அம்பலவாணர் யாருக்குச் சிபாரிசு எழுதுகிறாரோ, அவருக்குத் துரை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அம்பலவாணரோ நாற்பது வயதிலேயே பைஃபோகல் போட்டவர். "பைல் பாத்துத் தேஞ்ச கண்தான் பொறுப்பான கண்" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நேற்று வந்த தனசேகரனுக்குச் சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அது ஒன்றுக்காகவே பதவி அவனுக்குத்தான் என்று ஆபீஸே பேசிக்கொண்டது. இந்த முறையும் தவறினால் தங்கராஜுவுக்குப் பென்ஷன் வரைக்கும் அதே பழைய நாற்காலிதான்.

மறுநாள் காலை, புதுக் கண்ணாடியோடு வந்த தங்கராஜுவை அம்பலவாணர் அறைக்குள் அழைத்தார்.

"எப்ப தொடக்கம் கண்ணாடி?"

"ஒரு மாசமாவே எழுத்தெல்லாம் மங்கலா இருந்துச்சு சார். பழைய பைலெல்லாம் பாத்துப் பாத்து..." தங்கராஜு கண்ணைக் கசக்கியும் காட்டினான்.

அம்பலவாணர் தம் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தபடியே, அவனுடைய பைலின் பொடி எழுத்தையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்து முடித்தார்.

"ரெண்டு பவரோ? நல்லது, நல்லது. எங்க, ஒருக்காக் கழட்டித் தாரும் பாப்பம்."

மாட்டேன் என்று சொல்லவா முடியும்? தங்கராஜு கழற்றிக் கொடுத்தான்.

அம்பலவாணர் அதைப் போட்டுக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பைலைப் பார்த்தார். பிறகு கழற்றி, இடது கண்ணாடிக் கோட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினார்.

மானம் கப்பலேறிவிட்டது என்று தங்கராஜு முடிவு கட்டினான். ஏமாற்றுக்காரன் என்று வேலையை விட்டே அனுப்பினால், வீட்டில் மனைவி பாக்கியலட்சுமியின் முகத்தில் எப்படி விழிப்பது?

அம்பலவாணர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, சிபாரிசுத் தாளில் தங்கராஜுவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். கண்ணாடியை அவனிடம் நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஜலாலுதீன் இதைவிட நேராக் கோடு கீறித் தந்தவன்."