கரடிப் பொம்மைக்குக் கண் தைப்பவள்

மார்க்கம் நகரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில், தான் வேலை செய்யும் பொம்மைக் கம்பனியின் அலுவலாகச் சீனாவுக்குப் போனபோது அங்கே ஒரு தொழிற்சாலையில் எடுத்த படங்களைச் சீமோன் பரப்பி வைத்திருக்கிறான். அந்தத் தொழிற்சாலை எரிந்துவிட்டதாகக் காலையில் கம்பனியில் சொன்னார்கள். யார் தப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டுகிறது. படத்தில் நீலச் சட்டைப் பெண்கள் கரடிப் பொம்மைகளுக்குக் கண் தைக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, ஊசி பிடித்த கையால் வாயை மூடிச் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் யன்னல் முழுக்க இரும்புக் கம்பி. சீமோன் அந்தக் கம்பிகளை விரலால் மறைத்துப் பார்க்கிறான். மனைவி யூஜினி செபமாலையோடு வந்து பக்கத்தில் இருக்கிறாள்.

"உந்தப் பிள்ளைக்காகச் செபிப்பம். பேர் என்னப்பா?"

"தெரியாது," என்கிறான் சீமோன். "ஆரின்ர பேரும் தெரியாது."

யூஜினி முதல் மணியைப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.