மூன்றாவது கொடி

சாயங்கால வெயில் மதிலைவிட்டு மெல்ல இறங்குகிறது. சுவருக்கு வெள்ளையடிக்க, அக்கா வளர்த்த கொடிகளை நாளை வெட்டிவிடப்போகிறார்கள். அதற்குள் கொடிக்கொரு கிளை வெட்டிப்போய்த் தன் வீட்டில் நட்டுவிடலாமென்று தங்கை வந்திருக்கிறாள். இலையையும் மொட்டையும் பார்த்தே அவள் இனம் பிரிக்க, அக்காவின் கணவர் கிளைகளைக் கயிற்றால் கட்டுகிறார். "ஒரே காம்புல ஏழு சின்ன இலை, மொட்டுல லேசா ரோஸ் நிறம். இது ஜாதிமல்லி, மாமா." அடுத்ததைத் திருப்புகிறாள். "இலைக்கு அடியில காது மாதிரி ரெண்டு குட்டி இலை. இது முல்லை." மூன்றாவது கொடி அக்காவின் அறை ஜன்னலில் படர்ந்து, கம்பிகளுக்குள் நுழைந்திருக்கிறது. அக்கா இறந்ததிலிருந்து அந்த அறை பூட்டியே கிடக்கிறது. சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. இலைகள் தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னுகின்றன. "இது மல்லியே இல்லை மாமா. கிள்ளினா பால் வரும்." கிள்ளப்போன கை அந்தரத்தில் நிற்கிறது. வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பூக்கள். கம்பிக்கு உள்ளே நீண்ட கிளைகளில் ஒன்றிரண்டு பூக்களே மிச்சம். வெறும் காம்புகளின் நுனியில் பால் திரண்டு, சொட்டுகிறது. "நீ பறிச்சியா?" "நான் இன்னும் தொடவே இல்லை." உள்ளே இன்னொரு காம்பு அசைந்து, பூவில்லாமல் நிற்கிறது. "சாவியக் குடுங்க மாமா." அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொள்கிறார். "வேண்டாம். அவ பறிச்சு முடிக்கட்டும்."