இடுப்பளவு தண்ணீர்

"துருவே பிடிக்காதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

வந்தவர் அந்தச் சின்னக் கைத்துப்பாக்கியைக் கண்ணாடி மேடைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் ஒளித்துவிடலாம், அவ்வளவுதான் அது. மேல்பாகம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது.

எர்லீன் கிட்ரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். லூசியானாக் கடற்கரையில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவள், பழுது பார்க்கிறவள். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு மாதா சிலை. அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் குப்பி.

"சீக்கிரம் பிடிக்காதுன்னு சொன்னேன். நீ வாங்கினது இருநூத்து முப்பது டாலர் சாமான், தம்பி. அந்த விலைக்கு வாங்கின கல்யாண மோதிரமே கறுத்துப் போகுது. தோட்டாவைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தாள். பாதியில் நின்றது. இன்னும் இழுத்தாள். பழைய கதவு மாதிரி முனகியது.

"இதை நம்பியா இடுப்புல சொருகிட்டுத் திரியறே? எவனாவது அடிக்க வந்தா, 'கொஞ்சம் பொறுங்கண்ணே, எண்ணெய் போட்டுக்கறேன்'னு சொல்லுவியா? சுட்டுப் பார்த்தியா?"

"இல்லம்மா."

"இருநூறு தோட்டாவாவது சுட்டுப் பார்க்காம எதையும் நம்பாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் மொத புருஷனை இப்படித்தான் சோதிச்சுப் பார்க்காமக் கட்டிக்கிட்டேன்."

அவர் தலையைச் சொறிந்தார். எர்லீன் துருவை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"இது வேர்வைத் துரு இல்ல. கடல் உப்பும் இல்ல. குளோரின் நாத்தம் அடிக்குதே! எங்கே கொண்டுபோய் முக்கினே?"

"வேலை செய்யற இடத்துல."

"என்ன வேலை?"

"மனுஷங்களைப் பிடிக்கிற வேலைன்னு வெச்சுக்கங்க."

"போலீஸா?"

"இல்ல. மேலிடத்து உத்தரவு."

எர்லீன் குரலைத் தாழ்த்தினாள். "மேலிடம்னா வாஷிங்டனா?"

"அதுக்கும் மேல."

அவள் தெருக்கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில பத்தரைக்கு ஒரு வேலை இருக்கும்மா," என்றார் அவர். "இடுப்பளவு தண்ணியில நிக்கணும். அப்போ இது என்னைக் கைவிடக் கூடாது."

"கரையில வெச்சுட்டு இறங்கேன்."

"போன மாசம் அப்படித்தான் வெச்சேன். எனக்கு முன்னாடி கரையேறினவன் எடுத்துட்டுப் போயிட்டான். திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"தண்ணிக்குள்ள என்னதான் பண்றே?"

"ஆளை அமுக்கறேன்."

"எங்கே புடிச்சு?"

"ஒரு கை முதுகுல, ஒரு கை மூக்குல. மல்லாக்கச் சாய்ச்சு, தலை முழுகற வரைக்கும்."

"அடப்பாவி! இது சட்டப்படி செல்லுமா?"

"அவங்களே கேட்டுத்தான் வர்றாங்க. இந்த ஞாயித்துக்கிழமை வர்றவன்தான் முரடன். எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் அவனை அமுக்கப் போய் மூணு பல்லைப் பறிகொடுத்தார். அவனோட பழைய கூட்டாளிங்க வேற வந்து உக்காரப் போறாங்க. எனக்கு ராத்தூக்கமே இல்லம்மா."

"எப்படி இருப்பான் ஆளு?"

"ஆறடிக்கு மேல. கழுத்துல முதலை பச்சை குத்தியிருக்கு. இடது காதுல பாதி இல்ல."

எர்லீன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ராய்ஸ்!"

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா? நான் சொன்னேனே, மொத புருஷன், அவன்தான்! மார்டி கிரா திருவிழா ஊர்வலத்துல என் தங்கச்சியோட ஆடினான். மீதிக் காது என் வாய்ல இருந்தது."

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவளோ விறுவிறுவென்று உள்ளே போய், ஒரு பெட்டியை எடுத்து வந்து பிரித்தாள்.

"இதைப் பாரு. இதுவும் சின்னதுதான், விலையும் முந்நூத்து எண்பதுதான். ஆனா மேல்பாகம் எவர்சில்வர். எவர்சில்வரும் துருப்பிடிக்கும், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சு யோசிச்சுப் பிடிக்கும். நானே ஐந்நூறு தோட்டா சுட்டுப் பார்த்துட்டேன், ஒரு தடவைகூட சிக்கல. தண்ணியை விட்டு ஏறினதும் கழட்டித் துடை. ஸ்ப்ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு. மறந்தா மாதா மேல சத்தியமா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"முந்நூத்து எண்பது டாலர் என்கிட்ட..."

"யாரு காசு கேட்டா? இது என் அன்பளிப்பு. படிவத்துல கையெழுத்து மட்டும் போடு." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. எவ்வளவு நேரம் அமுக்குவே?"

"ரெண்டு விநாடி."

"ரெண்டு விநாடி எப்படிப் பத்தும்? அப்புறம்?"

"தூக்கிடுவேன்."

"தூக்குவியா! எதுக்குத் தூக்கணும்?"

அவர் மாதா சிலையைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"தூக்கினாத்தானேம்மா ஞானஸ்நானம்! உங்க கோயில் மாதிரி நெத்தியில நாலு சொட்டு ஊத்தி அனுப்பற பழக்கம் எங்க பாப்டிஸ்ட் சபையில கிடையாது; குளோரின் போட்ட தொட்டியில முழுசா முக்கித்தான் எடுப்போம். நான் அங்கே புதுசா வந்திருக்கிற பாஸ்டர்."

எர்லீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா முந்நூத்து எண்பதை எடுங்க, பாஸ்டர்."