கல்லு மாதிரிக் கட்டடம்

“நாலு விரிசலுக்காகப் பள்ளிக்கூடத்தையே மூடணுமா?” தலைநகர் ரபாத்திலிருந்து அந்த மலையூருக்கு முதன்முறையாக வந்திருந்த அதிகாரி பென்னீஸ், கம்பளம் தொங்கிய சுவரில் சாய்ந்து புதினாத் தேநீரை உறிஞ்சினார்.

“நிலநடுக்கத்துல அடிமண்ணு இளகிப் போச்சு” என்றார் மண்ணியல் நிபுணர் இதிர்.

“தூணுக்குள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு” என்றாள் பொறியாளர் கிஸ்லான்.

“இடிஞ்சு விழுந்தா, இந்த ஊர் ஆஸ்பத்திரியில இருக்கிறது ஆறே கட்டில்” என்றாள் டாக்டர் தூரியா.

“மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?”

“ஆமா. தனித்தனியா எழுதினப்போ நீங்க படிக்கலையே!” தூரியா விடவில்லை.

“இதெல்லாம் ஒரு ஆதாரமாம்மா? கட்டடம் கல்லு மாதிரி நிக்குது. பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போடுங்க.”

கிஸ்லான் பேனாவை மூடினாள். “மாட்டோம். அந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க ஒரு மணி நேரம் உட்காருவீங்களா?”

“நாள் பூரா உட்காருவேன்!”

அவள் எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த கம்பளத்தை விலக்கினாள். கரும்பலகை தெரிந்தது. அதன் குறுக்கே கை நுழையும் அளவுக்கு விரிசல்.

“அப்போ உட்காருங்க. இதுதான் மூணாம் வகுப்பு.”

தேநீர்க் குவளை உருண்டது. முற்றத்தில் போய் நின்று மூச்சு வாங்கிய பென்னீஸிடம், கிஸ்லான் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

“மூணு ஆதாரம் உங்களுக்குப் பத்தலை. நாலாவது நீங்கதான், ஐயா.”