பூச்சி அரித்த செம்பருத்தி

இந்தக் காலத்து ஆட்களுக்கு முழுசாக இருப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை. பேண்டைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். நாச்சிமுத்துவின் வீட்டிலும் அதே கூத்துதான். மருந்தடித்து, பூச்சி பொறுக்கி, ஒரு பொத்தல் இல்லாமல் அவர் வளர்த்த செம்பருத்தி வாசலிலேயே பூத்துக் கிடக்கிறது. ஜாக்கெட் தைக்கும் அவர் மனைவி தெய்வானையோ, தினமும் காலையில் மதிலோரம் போய், பெண்டாட்டியை இழந்த பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரியின் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஆள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

"அங்க அப்படி என்னத்தைக் கண்டே?" என்று ஒருநாள் நாச்சிமுத்து கேட்டேவிட்டார்.

தெய்வானை தைத்துக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட்டின் கையை விரித்துக் காட்டினாள். சிவப்புப் பட்டில் கோணல்மாணலாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஜரிகை நூல்.

"அந்தப் பூவைப் புழு தின்னிருக்கற அழகைப் பாத்துத்தானுங்க இப்படி வெட்டுனேன். நம்ம பூவுலதான் ஓட்டையே இல்லீங்களே!"

மறுநாள் அவர் ஒரு பூவைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தார். இதழெல்லாம் ஓட்டை.

"இந்தா, இங்கயும் புழு வந்துருச்சு."

அவள் எடுத்து மோந்து பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஊதுபத்தியில சுட்டீங்களாக்கும்! செம்பருத்திக்கு ஏதுங்க சந்தன வாசம்?" என்றபடி அதைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

அவர் மனம் ஆறவில்லை.

"அவன் மட்டும் என்ன, யோக்கியனா? உன்னைய அங்க நிக்க வெக்கறதுக்கு, அவனும் ஊதுபத்தியிலதான் சுட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு, மருந்தடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மதிலோரம் நடந்தார்.