சாம்பிராணிக் காற்று

"புகை வருதுங்க மொதலாளி," என்றான் ராமதாஸ், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

சக்கரவர்த்தி தொப்பிக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தார். அடி அண்ணாமலைச் சத்திரத்தின் தூண்களில் நூறு வருடமாக அப்பியிருந்த சுண்ணாம்பை, மணல் பீய்ச்சி உரித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டர் அவர்.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

தொப்பி தலையிலிருந்து மார்புவரை மூடும். முன்னால் கண்ணாடி, பின்னால் குழாய். இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸர் ஓடும். கம்ப்ரஸர் இழுக்கும் காற்று குழாய் வழியே தொப்பிக்குள் வரும். வெளியே எவ்வளவு தூள் பறந்தாலும் உள்ளே இருப்பவனுக்கு நல்ல காற்று.

அப்படித்தான் அதனுடன் பம்பாயிலிருந்து வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. சக்கரவர்த்தி அந்தப் புத்தகத்துக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தார். பிரிக்கவில்லை.

அன்று சித்ரா பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்கள் காலையிலிருந்தே சத்திரத்து வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பக்தர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று சக்கரவர்த்தி இன்ஜினின் புகைக்குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாயும் சுவர்ப்பக்கம்தான் இருந்தது.

ராமதாஸ் அதைக் கையால் காட்டினான்.

சக்கரவர்த்தி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஒரு தட்டில் நெருப்பு எடுத்துவந்து, சாம்பிராணி தூவி, அந்த வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப போட்டுப் பாரு. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்."

ராமதாஸ் போட்டுக்கொண்டான். போடாமலும் வேலை செய்யலாம். அவனுடைய அண்ணன் ஏழு வருடம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்தான். இப்போது வீட்டில் இருமும் வேலையை மட்டும் செய்கிறான்.

புகை நாற்றம் உண்மையிலேயே போய்விட்டது.

புகை போகவில்லை.

இரண்டாவது தூண் முடிவதற்குள் தலை கனத்தது. சாப்பாட்டுக்குக் கிளம்பிய சக்கரவர்த்தியைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவரும் ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது தூணில் கால் துவண்டது. மணல் குழலை மூடிவிட்டுத் தூணில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தான். கை எழவில்லை.

உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தூள் படிந்த கண்ணாடி. பக்கத்தில் சாம்பிராணிப் புகை.

கிரிவலம் வந்த ஒரு அம்மாள் நின்றாள். கும்பிட்டாள்.

திருவண்ணாமலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனை யாரும் எழுப்புவதில்லை.

கால் மணி நேரத்தில் இருபது பேர் சேர்ந்தார்கள். வாழைப்பழம் வந்தது. சாமந்தி மாலை வந்தது.

"யாருங்க இந்தச் சாமி?"

"வடக்கேருந்து வந்திருக்காராம். பேச மாட்டாராம்."

"கொழாய் எதுக்குங்க?"

"ஆகாரமே காத்துதான். ஜாஸ்தி கேக்காத, கும்புடு."

சாப்பிட்டுவிட்டு வந்த சக்கரவர்த்தி, வேலை நேரத்தில் தூங்குகிறவனை உதைக்கத்தான் காலைத் தூக்கினார். முன்வரிசையில் கோதண்டராமன் கண்மூடி நின்றிருந்தார். சத்திரத்தின் தர்மகர்த்தா. இந்த வேலையைக் கொடுத்தவர்.

சக்கரவர்த்தி தூக்கிய காலைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். தட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டார்.

ராமதாஸின் மனைவி எல்லம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"வரிசையில வாம்மா," என்றார் ஒருவர்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கூழு குடுக்க எதுக்குய்யா வரிசை?"

இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். தோள் சரிந்தது. தொப்பியைப் பிடித்து உருவினாள்.

ராமதாஸின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"என்ன தேஜஸ்!" என்றது கூட்டம்.

"கறுப்புங்க அவரு!" என்று அலறினாள் எல்லம்மாள். "பொறந்ததுலேருந்து கறுப்புங்க!"

யாரும் கை கொடுக்கவில்லை. தவத்தைக் கலைத்துவிட்டாளே என்று முதலில் கும்பிட்ட அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லம்மாள் அவனை அக்குளில் பிடித்து வாசல் வேப்பமரம்வரை இழுத்துப் போனாள். கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். அவன் இருமி, இழுத்து மூச்சு விட்டு, அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான்.

வாந்தியைக் கண்டதும் பக்தி கம்மியானது. பழம் வைத்தவர்கள் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கோதண்டராமன் மட்டும் தூணை விட்டு நகரவில்லை. கீழே கிடந்த தொப்பியிலிருந்து இன்னும் காற்று சீறிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராமதாஸ் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நானும் உக்காந்து பாக்குறனே, சக்கரவர்த்தி," என்று சொல்லித் தலையில் மாட்டிக்கொண்டார்.

சக்கரவர்த்தி ஓடினார். வெறுங்காலோடு, கொட்டிக் கிடந்த மணலில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். இந்தத் தடவை புகை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் இருமக்கூட இல்லை.

அவர் இன்ஜினை நிறுத்தினார்.